வேலைக்கு நடுவே எம்.ஏ.: சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பது எப்படி

இளங்கலை முடித்துப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, தமிழிலோ வரலாற்றிலோ எம்.ஏ. படிக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு எழுகிறது. விண்ணப்பிப்பதற்கு முன் உங்களுக்கு வேண்டியது பட்டமா, படிப்பா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இரண்டும் வேண்டும் என்பதே பெரும்பாலோரின் முதல் பதில். ஆனாலும், இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எதை எடுத்துக்கொள்வீர்கள் என்று யோசித்து, அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பட்டம்தான் வேண்டும் என்றால், அது எந்த வேலைக்கு என்பதிலிருந்து தொடங்குங்கள். கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்குரிய நெட் தேர்வை எழுத முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் தேவை. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 போதும். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு அத்தேர்வில் வயது வரம்பு இல்லை. அதே தேர்வின் வழியே முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய் தரும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கோ 30 வயது வரம்பு உண்டு; பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 ஆண்டு தளர்வு இருந்தாலும், 38 வயதில் வேலையை விடுபவர் அந்தத் தொகையை நம்பிக் குடும்பக் கணக்குப் போட முடியாது. அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக வேண்டுமானால் எம்.ஏ.வுடன் பி.எட்.டும் தேவை என்பதால், பி.எட். இல்லாதவருக்கு அது இரண்டாண்டுத் திட்டமாக முடியாது.

படிப்புதான் வேண்டும் என்பவர் முதலில் ஆறு மாதம் தம்மைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. வரலாறு என்றால், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியை எடுத்து, அதில் ஒரே ஒரு கல்வெட்டை, எத்தனை நாள் ஆனாலும், வரிக்கு வரி புரியும்வரை படியுங்கள். தமிழ் என்றால், ஒரு சங்கப் பாடலை அதன் பழைய உரையோடு அப்படியே படியுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் எண்ணற்ற பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னையில் இருப்பவர்கள் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் ஒரு நாள் போய்வரலாம். அந்த மெதுவான வாசிப்பு சலிப்பாக இருந்தால், உங்களுக்குப் பிடித்தது வரலாற்றுக் கதைகள்தான், வரலாற்றுத் துறை அன்று என்று பொருள்; அதை இப்போதே அறிவது நல்லது. மாறாக, தூக்கத்தையும் மறந்து ஒரு சொல்லைத் துரத்திக்கொண்டிருந்தால், வயதை நினைத்துத் தயங்காதீர்கள்.

இந்தச் சோதனையின் இறுதியில் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, மூன்று மணி நேரம் கையால் விடை எழுதிப் பாருங்கள். அலுவலகக் கணினியிலேயே பல ஆண்டுகள் கழித்துவிட்டு 37 வயதில் முதல் பருவத் தேர்வு எழுதப் போன எனக்கு, இரண்டாம் மணி நேரத்திலேயே விரல்கள் மரத்துப்போயின. விடை தெரிந்த வினா ஒன்றை எழுதி முடிக்க முடியாமல் எழுந்து வந்ததை இன்னும் மறக்கவில்லை.

தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியுள்ளது. நீங்கள் சேரும் ஆண்டில் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதை மட்டும் சரிபாருங்கள். அரசு ஊழியர்கள் துறையின் முன் அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். என் கருத்தில், சம்பளத்தை இழக்க முடியாதவருக்குத் தொலைநிலையே சரியான வழி. ஆனால் நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்து, எதிரே அமர்ந்து கேள்வி கேட்கும் ஆசிரியர் அதில் எளிதில் கிடைக்கமாட்டார். அத்தகைய ஒருவரை நீங்களே தேடிக்கொள்ள வேண்டியிருக்கும்.

கட்டணம் செலுத்துவதற்கு முன், அதே படிப்பை வேலையோடு முடித்த ஒருவரிடம் பேசுங்கள். நடுவில் விட்ட ஒருவரையும் தேடிக் கண்டுபிடித்து, எந்தப் பருவத்தில் விட்டார், அப்போது வீட்டில் என்ன நிலைமை இருந்தது என்று கேளுங்கள்.