தொட்டி மீன்களுக்கு வெண்புள்ளி நோய் மீண்டும் மீண்டும் வருகிறதா?

மீனின் மேல் தெரியும் வெள்ளைப் புள்ளிகள் மறைந்ததும் மருந்தை நிறுத்திவிடுவதுதான் இந்த நோய் திரும்பத் திரும்ப வர முக்கியக் காரணம். புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து எட்டாது. அது முதிர்ந்து உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை மீனைத் தேடி நீந்தும் அந்தக் குறுகிய நேரத்தில்தான் மருந்துக்குப் பலியாகும். ஆகவே கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது சிகிச்சையைத் தொடருங்கள்.

ஹீட்டரைக் கொண்டு வெப்பத்தை நாளுக்கு ஓரிரு டிகிரி வீதம் 30 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்தினால் ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி வேகமாகும். மருந்துக்கும் விரைவில் சிக்கும். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் காற்று பம்ப் இரவிலும் ஓடட்டும். மாலகைட் கிரீன் என்ற பச்சைச் சாயம் கலந்த மருந்து என்றால் ஃபில்டரில் உள்ள கார்பனை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அது மருந்தை உறிஞ்சிவிடும். நியான் டெட்ரா, லோச் போன்ற மீன்களுக்கு இம்மருந்து எளிதில் ஒத்துக்கொள்ளாது. அவை இருக்கும் தொட்டியில் பாதி அளவில் தொடங்குவதே நல்லது. ஒவ்வொரு முறை மருந்திடும் முன்பும் சரளைக் கற்களைக் குழாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்யுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் கூடுகள் இருப்பது அங்கேதான்.

புதிய மீன்களை இரண்டு, மூன்று வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். மீன் வந்த பையின் தண்ணீரை உங்கள் தொட்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள்.