ராட்சத ஆமையை அரை மணி நேரம் பார்ப்பது எப்படி

மொரீசியஸுக்கு வேலைக்கு வந்த புதிதில், ரிவியேர் தெசாங்கீயில் இருக்கும் லா வனீய் பூங்காவுக்குப் போய், அங்கே திறந்தவெளியில் உலவும் ராட்சத ஆமைகளைப் பார்த்துவிட்டு, "சும்மா கிடக்குது" என்று பத்து நிமிடத்தில் திரும்பி வந்தவன் நான். இப்போது பக்கத்து வீட்டு அக்காவின் பையனைக் கூட்டிக்கொண்டு அடிக்கடி போகிறேன். எட்டு வயது, வீட்டில் இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல், ஞாயிற்றுக்கிழமை கோவில் வகுப்பில் தமிழ். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு நோட்டு, பென்சில் (மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது, பேனா கலைந்துவிடும்), போனில் டைமர், தொப்பி, தண்ணீர். இவ்வளவு போதும்.

படி 1: ஒரே ஒரு ஆமையைத் தேர்ந்தெடுங்கள். கூட்டத்தைப் பார்த்தால் எதையும் பார்க்க மாட்டீர்கள். ஓட்டில் உள்ள கீறல், உடைந்த ஓரம், ஏதாவது ஓர் அடையாளத்தை நோட்டில் வரைந்துகொள்ள வேண்டும். நான் இதைச் செய்யாமல் ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பி வந்து, வேறொரு ஆமையைப் பார்த்து இருபது நிமிடம் எழுதியிருக்கிறேன், பையன்தான் "மாமா, நம்ம தொர்த்தி (கிரியோலில் ஆமை) அங்க இருக்கு" என்று கையைப் பிடித்து இழுத்தான். அதன் பிறகு எங்கள் ஆமைக்கு அடையாளம், முதுகில் தோசை கருகியது மாதிரி இருக்கும் ஒரு தழும்பு, மறக்கவே முடியாது.

ஆணா பெண்ணா என்றும் குறித்துக்கொள்ளலாம். ஆணுக்கு வால் நீளம், அடி ஓடு குழிந்திருக்கும். பெரிய ஆண் 250 கிலோ வரைகூட வளரும்.

படி 2: இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை டைமர் அடிக்கட்டும். அடிக்கும் அந்த நொடியில் ஆமை என்ன செய்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள். நடந்தால் 'ந', மேய்ந்தால் 'மே', ஓய்ந்து கிடந்தால் 'ஓ', சேற்றிலோ தண்ணீரிலோ இருந்தால் 'நீ'. பக்கத்தில் வெயிலா நிழலா என்று ஒரு குறி. அரை மணிக்குப் பதினைந்து பதிவு வரும். முதல் நாள் பதினைந்தும் 'ஓ'வாகவே வந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள், உச்சி வெயிலில் போயிருப்பீர்கள். வெயில் ஏறினால் நிழல் கிடைக்காத ஆமை உடம்பு சூடேறிச் செத்தே போகலாம், அதனால்தான் மதியம் மரத்தடியை விட்டு நகராது. காலையிலோ, நாலு மணிக்கு மேலோ போங்கள்.

படி 3: கண்டதை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள். இதுதான் கஷ்டம். பையன் முதல் நாள் "அழுகிறது" என்று எழுதினான். கண்ணோரம் ஈரம் வழிந்தது உண்மைதான். ஆனால் நமக்குக் கண்ணீர் மூக்குக்குள் வடிய ஒரு குழாய் இருப்பது போல ஆமைக்குக் கிடையாது, அதனால் வெளியே வழிகிறது. கிட்டே போனால் 'உஸ்' என்று சீறுவதும் அப்படித்தான்: தலையையும் காலையும் உள்ளே இழுக்கும்போது நுரையீரல் அமுங்கிக் காற்று வெளியேறுகிறது. கோபமா என்று யோசிக்க வேண்டாம், "தலையை இழுத்தது, சத்தம் வந்தது" என்று எழுதிவிட்டு நான்கு அடி பின்னால் வாருங்கள், அது உங்களுக்கான குறிப்பு.

படி 4: மனிதர்களையும் எழுதுங்கள். பூங்காவில் யாராவது இலையை நீட்டுவார்கள், கழுத்தைச் சொறிவார்கள், ஆமை காலை ஊன்றி எழுந்து கழுத்தை நீட்டி நிற்கும். பார்க்க அழகுதான், ஆனால் 'ஆள்' என்று ஓரத்தில் குறிக்காவிட்டால் உங்கள் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும்.

படி 5: இந்தப் பழக்கம் வந்த பிறகு இயற்கையில் பாருங்கள். மாயேபூர் பக்கம் கடலில் இருக்கும் இல் ஓசெக்ரெத், வெறும் 26 ஹெக்டேர் தீவு. படகில் போய், வழிகாட்டியோடுதான் சுற்ற வேண்டும், பாதையை விட்டு இறங்கக்கூடாது. நின்று பார்க்க நேரம் குறைவு, அதனால்தான் பூங்காவில் முதலில் பழகச் சொன்னேன்.

இந்த ஆமைகள் இந்த ஊர்க்காரர்கள் அல்ல. மொரீசியஸின் சொந்த ராட்சத ஆமைகளைக் கப்பல்காரர்கள் உயிரோடு ஏற்றிப்போய்த் தின்றே தீர்த்துவிட்டார்கள், சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் இறைச்சி வேறு எங்கே கிடைக்கும்? சீஷெல்ஸில் இருக்கும் அல்டாப்ரா தீவின் ஆமைகளுக்கும் அதே கதி வரக்கூடாது என்று 1874இல் டார்வினும் வேறு சில விஞ்ஞானிகளும் மொரீசியஸ் ஆளுநருக்கு எழுதினார்கள். அந்த அல்டாப்ரா ஆமைகளைத்தான் 2000இல் இல் ஓசெக்ரெத்தில் விட்டார்கள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார் என் பாட்டி. இங்கே ஆமை கருங்காலிப் பழத்தைத் தின்று போடும் சாணத்திலிருந்து விதை நன்றாக முளைக்கிறது. அதனால் சாணம் கண்டால் மூக்கைப் பொத்தாமல் குனிந்து பாருங்கள், விதை இருந்தால் அதுவும் ஒரு பதிவு.

போன முறை மழை விட்டதும் அந்தத் தீவுக்குப் போயிருந்தோம். பவளப்பாறையில் விரல் ஆழம்கூட இல்லாத ஒரு குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு ஆமை அதில் மூக்கை வைத்து அசையாமல் நின்றது. வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தொண்டை மெல்ல ஏறி இறங்கியது, குழியில் தண்ணீர் குறைந்தது. மூக்கால் குடிக்கிறது! பையன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, எங்கள் குறிகளில் ஒன்றும் பொருந்தாததால் 'மூ' என்று புதிதாக ஒன்று எழுதிக்கொண்டான்.