போட்டோ புத்தகம் அச்சிடக் கொடுக்கும் முன் பலரும் சறுக்கும் இடங்கள்

என் அண்ணன் அந்தப் புத்தகத்தில் பாதிதான் இருக்கிறார். அப்பா பணி ஓய்வு பெற்றபோது அவருக்குப் பரிசளிக்க ஆன்லைனில் ஒரு போட்டோ புத்தகம் தயாரித்தேன். குடும்பம் முழுவதும் வரிசையாக நிற்கும் படத்தை, எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும் பரவும்படி வைத்தேன். கணினித் திரையில் பிரமாதமாக இருந்தது. புத்தகம் வந்து பிரித்துப் பார்த்தால், வரிசையின் நடுவில் நின்றிருந்த அண்ணன் பைண்டிங்குக்குள் புதைந்து போயிருந்தார். இரண்டு கட்டைவிரல்களாலும் பக்கங்களை அழுத்திப் பிடித்தால் ஒரு காதும் கொஞ்சம் கன்னமும் தெரியும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அச்சிட்டவர்கள் மீது பழி போட முடியாது. எந்த வகை பைண்டிங் என்பதை அவர்கள் எழுதியிருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை. எத்தனை டெம்ப்ளேட்டுகள், எவ்வளவு தள்ளுபடி, எப்போது வீட்டுக்கு வரும், இவ்வளவுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு வெவ்வேறு நிறுவனங்களிடம் ஏழெட்டுப் புத்தகங்கள் அச்சிட்டுவிட்டேன். என் தவறுகளையும் நண்பர்களின் தவறுகளையும் எண்ணிப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: திரையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம், கைக்கு வருவதோ காகிதம்.

பைண்டிங் பார்க்காமல் ஆர்டர் செய்வது

இதை முதலில் வைக்கக் காரணம் அண்ணன். பெரும்பாலான மலிவு விலைப் புத்தகங்கள் நாவல்களைப் போலத் தயாராகின்றன. தாள்களை அடுக்கி, முதுகுப் பக்கத்தைச் சொரசொரப்பாக்கிப் பசை தடவி அட்டையில் ஒட்டிவிடுவார்கள். இதற்குப் பர்ஃபெக்ட் பைண்டிங் என்று பெயர். பெயரில் மட்டும்தான் அது கச்சிதம்; புத்தகம் மேசைமேல் தட்டையாகத் திறந்து கிடக்காது, நடுவில் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கண்ணுக்கு மறைந்துவிடும். மெல்லிய புத்தகங்களைத் தாள்களை மடித்து நடுவில் கம்பி அடித்துத் தைப்பார்கள். அவற்றில் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகத்தான் இருக்க முடியும். கடைசியில் வெற்றுப் பக்கம் எங்கிருந்து வந்தது என்று குழம்ப வேண்டாம்.

லே-ஃப்ளாட் என்ற வகைதான் இரு பக்கம் பரவும் படங்களுக்கு ஏற்றது. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் ஒரே தாளில் அச்சாகி, நடுவில் மடிக்கப்பட்டு, அடுத்த தாளின் முதுகோடு ஒட்டப்படும். திறந்தால் பலகைபோல விரிந்து கிடக்கும். விலை கூடுதல், கனமும் கூடுதல். ஆனால் லே-ஃப்ளாட் என்று விளம்பரப்படுத்தப்படும் எல்லாமே ஒன்றல்ல. சிலவற்றில் நடுவில் மடிப்புக்கோடு மட்டும் இருக்கும். சிலவற்றில் சிறு பள்ளமே இருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண பைண்டிங்தான் போதும் என்று முடிவு செய்தால் அதிலும் தவறில்லை, நடுக்கோட்டில் யாரையும் நிற்க வைக்காதீர்கள்.

வெளி ஓரங்களிலும் இதே கவனம் வேண்டும். அடுக்கிய தாள்களை இயந்திரம் வெட்டும்போது ஓரிரு மில்லிமீட்டர் முன்பின் ஆகும். அதனால்தான் ஓரம் வரை பரவும் படத்தை மூன்று மில்லிமீட்டர் அதிகமாக நீட்டி வைக்கச் சொல்கிறார்கள். அந்த வெட்டுக்கோட்டைத் திரையில் காட்டாத மென்பொருளைக் கண்டால் நான் விலகிவிடுவேன். எழுத்துகளை ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ளே தள்ளி வையுங்கள்.

எதில், எப்படி அச்சிடுகிறார்கள் என்று கேட்காமல் விடுவது

போட்டோ புத்தகம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்பனையாகின்றன. ஒன்று டிஜிட்டல் அச்சு இயந்திரத்தில் மையால் அச்சாவது. ஆயிரக்கணக்கில் பிரதிகள் எடுக்கப் பயன்படும் ஆஃப்செட் முறையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தகடு தயாரிக்க வேண்டும், ஒரே பிரதிக்காக அதைச் செய்வது கட்டுப்படியாகாது. தகடே தேவைப்படாத இண்டிகோ டிஜிட்டல் வண்ண அச்சு இயந்திரம் 1993இல் அறிமுகமானது. அந்தத் தலைமுறை இயந்திரங்களால்தான் இன்று வீட்டிலிருந்தபடியே ஒற்றைப் பிரதிக்கு ஆர்டர் கொடுக்க முடிகிறது. இன்னொன்று, பழைய ஸ்டூடியோ பிரிண்ட் போல, ஒளி உணரும் போட்டோ காகிதத்தில் படத்தைப் பதித்து ரசாயனத்தில் கழுவி எடுப்பது. இதில் மைப்புள்ளிகளே இருக்காது. தோலின் நிறமும் நிழலின் ஏற்ற இறக்கமும் குழைவாக வரும். பக்கங்கள் தடிமனாக இருப்பதால் நூறு பக்கப் புத்தகத்துக்கு இது சரிப்படாது, சிறு எழுத்துகள் மை அச்சின் அளவுக்குக் கூர்மையாகவும் இருக்காது. எழுத்தும் படமும் கலந்த பயணக் குறிப்பு என்றால் மை அச்சு; முகங்கள் நிறைந்த முப்பது பக்கம் என்றால் போட்டோ காகிதம். இது என் கணக்கு.

காகிதத்தின் கனம் ஜி.எஸ்.எம். அளவில், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்று, குறிப்பிடப்பட்டிருக்கும். அலுவலகத்தில் பிரிண்ட் எடுக்கும் தாள் 75 அல்லது 80. போட்டோ புத்தகத்துக்கு 150க்குக் கீழே போனால் பின்பக்கப் படத்தின் நிழல் முன்பக்கம் தெரியக்கூடும். 170 முதல் 200 வரை இருந்தால் நிம்மதி. ‘பிரீமியம் காகிதம்’ என்று மட்டும் எழுதி எண்ணைத் தராத இடத்தில் அந்த வார்த்தைக்கு அர்த்தமே இல்லை. பளபளப்பான கிளாஸி தாளில் நிறங்கள் துள்ளும், கூடவே விரல் ரேகைகளும் விளக்கின் பிரதிபலிப்பும் துள்ளும். பலர் கைமாறிப் பார்க்கப்போகும் புத்தகத்துக்கு நான் பளபளப்பில்லாத மேட் தாளைத்தான் எடுப்பேன்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை முழுப் பக்கத்துக்கு வைப்பது

நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கமான அளவுகோல். 200 வரை இறங்கினாலும் பெரும்பாலோர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 12 அங்குலச் சதுரப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 12 மெகாபிக்சல் போனில் எடுத்த படம் 4032க்கு 3024 பிக்சல். அதைச் சதுரமாக வெட்டினால் 3024 மிஞ்சும். 12 ஆல் வகுத்தால் 252. தாராளம். அதே படத்தை யாராவது வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் அனுப்பியிருந்தால் நீளவாக்கில் சுமார் 1600 பிக்சலாகவும் அகலத்தில் 1200 ஆகவும் சுருங்கியிருக்கும். சதுரமாக வெட்டி அதே பக்கத்தில் வைத்தால் அங்குலத்துக்கு நூறுதான். போன் திரையில் பளிச்சென்று தெரிந்த முகம் காகிதத்தில் ஈரத்துணியால் துடைத்ததுபோல இருக்கும்.

உறவினர்களிடம் படம் கேட்கும்போது டாகுமெண்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காமல் வரும். அப்படிச் செய்தால் படம் எடுத்த தேதியும் கோப்புக்குள்ளேயே இருக்கும். சாதாரணமாக அனுப்பினால் அந்தத் தேதி கழன்றுவிடும்; பிறகு மென்பொருள் படங்களைக் காலவரிசைப்படி அடுக்க முயன்று, குழந்தை நடந்த பிறகு தவழ்வதாகக் காட்டும்.

நல்ல சேவை, படத்தின் பிக்சல் போதாதபோது அந்தப் பக்கத்திலேயே எச்சரிக்கைக் குறி காட்டும். ஆர்டர் கொடுக்கும் முன் வேண்டுமென்றே ஒரு சின்னப் படத்தை ஏற்றி முழுப் பக்கத்துக்கு இழுத்துப் பாருங்கள். எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டால் அந்த நிறுவனத்துக்கு உங்கள் புத்தகத்தின் மேல் அக்கறை இல்லை என்று பொருள். பழைய காகிதப் படங்களைப் போனால் படம் பிடிப்பதைவிட 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்வது நல்லது. நாலுக்கு ஆறு அங்குலப் படம் 2400க்கு 3600 பிக்சலாகக் கிடைக்கும்; இருமடங்கு பெரிதாக்கலாம்.

தமிழ் எழுத்தைச் சோதிக்காமல் விடுவது

இதுபற்றி யாருமே எச்சரிப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். படத்துக்குக் கீழே தமிழில் குறிப்பு எழுதுகிறீர்கள். திரையில் சரியாகத் தெரிகிறது. முன்னோட்டத்திலும் சரி. அச்சில் வரும்போது ‘தேதி’ என்ற சொல்லில் கொம்பு தகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறது. ‘கொ’ மூன்று துண்டாகச் சிதறுகிறது. சில இடங்களில் வெறும் கட்டங்கள். காரணம் எளிது. திரையில் எழுத்துகளைக் கோத்துக் காட்டுவது உங்கள் பிரவுசர். அச்சுக்கான பி.டி.எஃப். கோப்பை உருவாக்குவது நிறுவனத்தின் சர்வரில் ஓடும் வேறொரு மென்பொருள். அதற்குத் தமிழின் உயிர்மெய்க் குறிகளை இடம் மாற்றி அடுக்கத் தெரியாமல் இருக்கலாம்.

‘கொக்கு, கோடை, மௌனம், ஸ்ரீ’ என்று ஒரு வரி தட்டச்சு செய்து, அச்சுக்குப் போகும் பி.டி.எஃப். கோப்பையே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தர மறுத்தால் மாற்று வழி உண்டு: குறிப்புகளை வேறு மென்பொருளில் எழுதி, பின்புலம் இல்லாத படமாக 300 டி.பி.ஐ.யில் சேமித்து, புகைப்படத்தைப் போலவே பக்கத்தில் வைத்துவிடுங்கள். கொஞ்சம் வேலைதான், ஆனால் எழுத்து சிதறாது. இன்னொன்று: எழுத்துப் பிழை உங்களுடையது என்றால் பணம் திரும்பி வராது. ஒருவருக்கென்றே தயாரிக்கும் பொருள் என்பதால், அச்சுக் குறைபாடோ சேதமோ இருந்தால் தவிர மாற்றித் தர மாட்டார்கள். புத்தகத்தை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்து ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் கண்ணுக்கு உங்கள் பிழை தெரியாது.

விளம்பர விலையை விலை என்று நம்புவது

முகப்பில் தெரியும் தொகை பெரும்பாலும் 20 அல்லது 24 பக்கத்துக்கானது. கூடுதல் பக்கம், கெட்டி அட்டை, மேட் தாள், கனத்தைப் பொறுத்த டெலிவரிக் கட்டணம் எல்லாம் பிறகு ஏறும். கூப்பன் அடிப்படைப் புத்தகத்துக்கு மட்டும் செல்லுமா, கூடுதல் பக்கங்களுக்குமா என்பதையும் பாருங்கள். நீங்கள் நினைத்திருக்கும் பக்க எண்ணிக்கையில் ஒரு வெற்றுப் புத்தகத்தை உருவாக்கி, பணம் கட்டும் கட்டம் வரை போய் வந்தால் உண்மையான விலை தெரிந்துவிடும்.

நேரடியாகப் பெரிய புத்தகத்தில் இறங்குவது

விமர்சனங்களை நான் அதிகம் நம்புவதில்லை. பலர் பார்சல் சொன்ன நாளில் வந்த மகிழ்ச்சியில் எழுதுகிறார்கள். ஒரு வருடத்தில் பக்கம் கழன்றதா என்பது அதில் இருக்காது. அதைவிட, அந்த நிறுவனத்தின் மிகச் சிறிய புத்தகத்தை முதலில் வாங்கிப் பாருங்கள். அதில் அழகான படங்களை வைக்காதீர்கள், வம்பு பிடித்த படங்களை வையுங்கள்: இரவில் எடுத்தது, மாநிறமும் கறுப்புமான முகங்கள் சேர்ந்து நிற்பது, அடர்சிவப்புத் துணி, அகன்ற நீல வானம், கட்டாயம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கறுப்பு வெள்ளைப் படம் லேசாகப் பச்சையாகவோ ஊதாவாகவோ வந்தால் அவர்களின் நிறச் சமநிலை சரியில்லை. வண்ணப் படங்களில் இது மறைந்துகொள்ளும்.

படங்கள் எல்லாமே இருட்டாக வந்திருந்தால் மட்டும் அவசரப்பட்டுத் திட்ட வேண்டாம். திரை தானே ஒளிர்வது, காகிதம் அறையின் வெளிச்சத்தைத் திருப்பித் தருவது. முழு வெளிச்சத்தில் வைத்த திரையில் சரியாகத் தெரிந்த படம் காகிதத்தில் மங்கத்தான் செய்யும். திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துப் படங்களைச் சரிசெய்யுங்கள். தானாகவே நிறம் திருத்தும் வசதி இருந்தால் அதை நிறுத்த முடிகிறதா என்றும் பாருங்கள்.

வேலை முழுவதையும் அவர்களிடமே விட்டுவைப்பது

அவர்களின் மென்பொருளில் நீங்கள் அடுக்கிய பக்கங்களை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாது. பல இடங்களில் சில மாதங்களில் அழித்தும் விடுவார்கள். பெரிய நிறுவனம் என்பதும் உத்தரவாதம் இல்லை: ஆப்பிள் தன் போட்டோ புத்தகச் சேவையை 2018 செப்டம்பரோடு மூடிவிட்டது. எனவே பயன்படுத்திய மூலப் படங்களைப் பக்க வரிசைப்படி எண்ணிட்டு ஒரே ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பக்கத்தின் முன்னோட்டத்தையும் சேமியுங்கள். மறுபக்கமும் உண்டு, ஆர்டர் முடிந்த பிறகு உங்கள் குடும்பப் படங்களை அவர்கள் எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், நீங்களே அழிக்க முடியுமா என்பதையும் ஏற்றும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

நான் எதையும் சேமிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அப்பாவின் புத்தகத்தை லே-ஃப்ளாட்டில் மறுபடி அச்சிடப் போனபோது அந்தக் கணக்கில் ஒன்றுமே இல்லை. பழைய புத்தகத்தை மடியில் வைத்து, பக்கம் பக்கமாகப் பார்த்து, மூலப் படங்களைத் தேடி எடுத்து முதலிலிருந்து அடுக்கினேன். மூன்று வார இறுதிகள் போயின. புதிய புத்தகத்தில் அண்ணன் முழுதாக நிற்கிறார். வீட்டுக்கு யாராவது வந்தால் அப்பா எடுத்துக் காட்டுவது என்னவோ பழையதைத்தான், இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்திப் பிடித்தபடி.