எம்184வி: எதிர்ப்பு வந்துவிட்டால் வைரஸ் பலசாலியா?

மருந்து எதிர்ப்புப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ‘எம்184வி’ என்று பார்த்ததும், எச்.ஐ.வி. முன்பைவிட முரடாகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. இதுதான் முதல் தவறு. மருந்துக்கு அடங்காதது வேறு, நன்றாகப் பெருகுவது வேறு.

வைரஸின் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி, ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ.வை எழுதுகிறது. எழுதும் இடத்திலேயே இருக்கிறது 184ஆவது அமினோ அமிலம். வழக்கமாக அங்கே மெத்தியோனின். அதன் பக்கச் சங்கிலி நீளமானது, வளைந்துகொடுக்கும். அதற்குப் பதில் வேலின் வந்து உட்கார்ந்தால் (அதுதான் எம்184வி) கிளை அடியிலேயே பிரிந்து நிற்கும். லாமிவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்தின் வளையத்திலுள்ள கந்தகம் அதில் முட்டிக்கொள்ளும். எதிர்ப்பு நூறு மடங்கைத் தாண்டிவிடுகிறது.

இதற்கு நொதி விலை கொடுக்கிறது. டி.என்.ஏ.வுக்கான மூலப்பொருள் குறைவாக உள்ள செல்களில், எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதியில் கழன்றுவிடுகிறது. இன்னொரு வேடிக்கை: பெரும்பாலும் முதலில் வருவது வேலின் அல்ல, ஐசோலூசின். மெத்தியோனினுக்கான ‘ஏடிஜி’ என்ற மரபணுக் குறியீடு, ஐசோலூசினுக்கான ‘ஏடிஏ’ ஆவது எச்.ஐ.வி.க்கு சுலபமான எழுத்துப்பிழை. ஆனால் ஐசோலூசின் உள்ள நொதி இன்னும் மந்தம். அதனால் ‘ஜிடிஜி’, அதாவது வேலின், சில வாரங்களில் அதை ஓரங்கட்டிவிடும்.

சரி, பலவீனமான வைரஸ்தானே, சில நாள் மாத்திரையை விட்டால் என்ன? அடுத்த தவறு இது, ஆபத்தும் இதில்தான் அதிகம். மருந்து நின்றதும் பழைய இயல்பான வைரஸ் முந்திவிடும். சில மாதங்களில் ரிப்போர்ட் ‘சுத்தமாக’ வரலாம். வழக்கமான பரிசோதனை, ரத்தத்திலுள்ள வைரஸில் சுமார் 20 சதவீதத்துக்குக் குறைவானதைத் தவறவிட்டுவிடும். எம்184வி எங்கும் போகவில்லை, செல்களின் டி.என்.ஏ.வுக்குள் பதுங்கியிருக்கிறது, மருந்தைத் தொடங்கினால் திரும்பி வரும். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

எல்லாப் பிறழ்வுக்கும் ஒரே விலை என்றும் எண்ண வேண்டாம். எஃபாவிரென்ஸ், நெவிரபின் ஆகிய இரு மருந்துகளையும் செல்லாக்காசாக்கும் கே103என் பிறழ்வு, எழுதும் இடத்துக்குச் சற்று விலகி இருக்கிறது. நொதி கிட்டத்தட்ட எதையும் இழப்பதில்லை. இந்த வைரஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றினால், மருந்தே தொடாதவரிடமும் ஆண்டுக்கணக்கில் தெரியும்.

அப்புறம் இன்னொரு தவறு, ஒற்றைப் பிறழ்வைத் தனியாக எடைபோடுவது. வைரஸ் டி.என்.ஏ.வைச் செல்லின் டி.என்.ஏ.வில் சேர்க்கும் இன்டக்ரேஸ் நொதியில் கியூ148எச் என்ற பிறழ்வு மட்டும் வந்தால் வைரஸ் தள்ளாடும். ஜி140எஸ் கூடச் சேர்ந்தால் இழந்ததில் பெரும்பகுதியை மீட்டுக்கொள்ளும். வைரஸ் புரதங்களை வெட்டும் புரோட்டியேஸ் நொதிக்கு எதிரான மருந்துகளை வைரஸ் எதிர்க்கும்போது, ஈடுகட்டும் மாற்றம் சிலநேரம் நொதியிலேயே இருக்காது, நொதி வெட்டும் காக் புரதத்தில் இருக்கும். நொதி மரபணுக்களை மட்டும் படிக்கும் ரிப்போர்ட் அதைச் சொல்லாது.

எம்184விக்கும் இது பொருந்தும். லாமிவுடினுக்கு அடங்காத அதே மாற்றம், டெனோஃபோவிர், ஜிடோவுடின் என்ற வேறு இரு மருந்துகளுக்கும் வைரஸை இன்னும் இளக்கமாக்குகிறது. 2021இல் வெளியான நாடியா ஆய்வில், முதல் வரிசை சிகிச்சை பலனளிக்காத ஆப்பிரிக்க நோயாளிகளில் பெரும்பாலோருக்கு எம்184வி இருந்தது. இன்டக்ரேஸைத் தடுக்கும் டோலுடெக்ராவிர் மருந்தைப் பெற்றவர்களில் 90 சதவீதம் பேருக்கு 48 வாரத்தில் வைரல் லோட் (ரத்தத்தில் வைரஸின் அளவு) மில்லிலிட்டருக்கு 400க்குக் கீழே இருந்தது. டெனோஃபோவிரோ ஜிடோவுடினோ, கூடவே லாமிவுடினும் அவர்களுக்குத் தரப்பட்டிருந்தது. அதன் பெரும் பெருமை டோலுடெக்ராவிருக்குத்தான். ஆனாலும் ரிப்போர்ட்டில் ‘லாமிவுடின்: அதிக எதிர்ப்பு’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு நீங்களாக அந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், மருத்துவர் அதைத் தெரிந்தேதான் தொடர்ந்திருக்கலாம்.