வெளிநாட்டில் சைக்காலஜிஸ்ட்: எது துறை அங்கீகாரம், எது உரிமம், எது சிறப்புச் சான்று?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கமிருந்து வெளிநாட்டில் குடியேறுபவர்கள் உளவியலாளரின் தகுதி விஷயத்தில் இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். பிள்ளைக்கோ வீட்டுப் பெரியவர்களுக்கோ உளவியலாளரைத் தேடும்போது, அவர் பெயருக்குப் பின்னால் நிற்கும் எழுத்துகள் எதைச் சொல்கின்றன என்று புரிவதில்லை. ஊரில் உளவியல் படித்துவிட்டு வந்தவர்களுக்கோ, தங்கள் படிப்புக்குப் புதிய நாட்டில் என்ன மதிப்பு என்று தெரிவதில்லை. இரண்டு குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். ஒரு சிறப்புத் துறைக்குக் கிடைக்கும் அங்கீகாரம், ஒருவர் தொழில் செய்யக் கிடைக்கும் உரிமம், அந்தத் துறையில் அவர் தேர்ந்தவர் என்ற சான்று ஆகிய மூன்றும் தனித்தனி. அமெரிக்காவில் மூன்றையும் மூன்று வெவ்வேறு அமைப்புகள் தருகின்றன.

நம் ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஒரு கோயில் நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றாக இருப்பது வேறு. திருமணமானவர்கள் அந்தக் கோயிலில் புள்ளியாக, அதாவது கணக்கில் ஒரு குடும்பமாகச் சேர்வது வேறு. துறைக்கு வரும் அங்கீகாரம் முதல் வகை. ஆளுக்கு வரும் சான்று இரண்டாவது வகை.

அமெரிக்காவில் துறையை அங்கீகரிப்பது அமெரிக்க உளவியல் சங்கம், சுருக்கமாக ஏபிஏ. இதற்கென்றே 1995இல் ஓர் ஆணையத்தை அமைத்தார்கள். தனி ஆள் யாரும் அங்கே போய்க் கேட்க முடியாது. அந்தத் துறைக்காரர்களின் அமைப்பு ஒன்றுதான் மனுப் போட வேண்டும். மனுவில் காட்ட வேண்டியவை கனமானவை. இந்தத் துறையால் பொதுமக்களுக்கு என்ன தேவை தீர்கிறது? ஏற்கெனவே உள்ள துறைகளிலிருந்து இது எதில் வேறுபடுகிறது? அறிவியல் அடிப்படை என்ன? முனைவர் படிப்பிலும் அதற்குப் பிந்தைய பயிற்சியிலும் என்ன கற்றுத்தருகிறார்கள்? சிகிச்சை பலன் தருகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டா? தேர்ந்தவர்களை எப்படி அடையாளம் காண்பது? மனுவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைப்பார்கள். ஆணையம் பரிந்துரைக்கும், முடிவு சங்கத்தின் பிரதிநிதிகள் சபையின் கையில். கிடைத்த அங்கீகாரமும் நிரந்தரமில்லை, காலம் முடிந்ததும் மறுபடி மனுப் போட்டுப் புதுப்பிக்க வேண்டும்.

மனுக்கள் தடுக்கிவிழக்கூடிய ஓர் இடம் ‘வேறுபாடு’ என்ற கேள்வி. ஒரு சிகிச்சை முறை எவ்வளவு பயனுள்ளதாக இருந்தாலும், அதற்கென்று தனி அறிவுத்தொகுதியும் தனிப் பயிற்சி வரிசையும் இல்லையென்றால் அது சிறப்புத் துறையாகாது. அதற்குக் கீழே ‘தேர்ச்சிப் பகுதி’ என்ற இன்னொரு படியையும் ஏபிஏ வைத்தது. விளையாட்டு உளவியலை 2003இல் அப்படித்தான் ஏற்றது. அதே விளையாட்டு உளவியல் பிரிட்டனில் சட்டம் காக்கும் தனிப்பட்டம், ஆஸ்திரேலியாவில் தனி ஒப்புதல் பிரிவு. ஒரு நாட்டில் கிடைத்த தகுதியை அடுத்த நாட்டில் அப்படியே எதிர்பார்க்கக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

முதியோர் உளவியல் நடந்துவந்த பாதையைப் பார்த்தால் எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது விளங்கும். 1998இல் தேர்ச்சிப் பகுதியாக ஏற்கப்பட்டது. 2006இல் கொலராடோவில் பைக்ஸ் பீக் மாநாட்டில் கூடி, முதியோரோடு வேலை செய்பவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். 2010இல்தான் சிறப்புத் துறை என்ற இடம் கிடைத்தது. மூளைக்கும் மன இயக்கத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்க்கும் நரம்பு உளவியலுக்கு 1996இலேயே அங்கீகாரம் வந்தது. அடுத்த ஆண்டு ஹூஸ்டன் மாநாடு, முனைவர் பட்டத்துக்குப் பின் 2 ஆண்டு முழுநேரப் பயிற்சி வேண்டும் என்று வகுத்தது. இந்த உழைப்பை வெறும் காகித வேலை என்று நினைக்க வேண்டாம். ஞாபகமறதியோடு வரும் ஒரு பெரியவரை யார் சோதிக்கலாம் என்பதற்கான அளவுகோல் இப்படித்தான் உருவானது.

இனி ஆளுக்கு வருவோம். உரிமம் தருவது மாநிலம். பெரும்பாலான மாநிலங்களில் அது ‘சைக்காலஜிஸ்ட்’ என்ற பொது உரிமம்தான், அதில் சிறப்புத் துறை எழுதியிருக்காது. சிறப்புச் சான்று தருவது 1947இல் தொடங்கிய அமெரிக்கத் தொழில்முறை உளவியல் வாரியம், சுருக்கமாக ஏபிபிபி. ஒருவர் பெயருக்குப் பின்னால் ‘பிஎச்.டி., ஏபிபிபி’ என்று இருந்தால், உரிமத்துக்கு மேலே சக நிபுணர்களிடம் தேர்வு கொடுத்துத் தேறியவர் என்று பொருள். அந்த எழுத்துகள் இல்லாததால் ஒருவர் தகுதியற்றவர் ஆகிவிட மாட்டார். நல்ல உளவியலாளர்கள் பலர் இந்தச் சான்றை வாங்குவதே இல்லை. ஆனால் உரிமம் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். மாநில வாரியத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் உரிமத்தின் நிலை தெரியும்.

பிரிட்டனில் கதை வேறு. அங்கே வெறும் ‘சைக்காலஜிஸ்ட்’ என்ற சொல்லைச் சட்டம் காப்பதில்லை, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’, ‘எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட்’ போன்ற 9 பட்டங்களுக்கு மட்டும்தான் பாதுகாப்பு. 2009 முதல் இந்தப் பதிவேட்டை எச்சிபிசி என்ற சுகாதாரத் தொழில்களின் ஒழுங்குமுறை அமைப்பு வைத்திருக்கிறது. உளவியலாளர்களின் பதிவெண் பி-ஒய்-எல் என்ற எழுத்துகளில் தொடங்கும். அதைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். ஆஸ்திரேலியாவில் பொதுப் பதிவு ஒன்று, அதற்கு மேல் 9 ஒப்புதல் பிரிவுகள். ‘கிளினிக்கல்’ என்ற ஒப்புதல் உள்ளவரிடம் போனால் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு திருப்பித்தரும் தொகையும் கூடுதல். மலேசியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுகள் 2016ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழில் சட்டத்துக்குள் வருகிறார்கள்.

ஊரிலிருந்து அப்பத்தாவோ ஐயாவோ வந்திருக்கும்போது மறதி பற்றிச் சந்தேகம் வந்தால், நரம்பு உளவியல் அல்லது முதியோர் உளவியல் தெரிந்தவரைக் கேளுங்கள். நரம்பு உளவியல் சோதனை பல மணி நேரம் நடக்கும். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி இல்லாமல் உட்கார்ந்தால் முழுச் செலவும் உங்கள் தலையில் விழலாம். நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பேரனை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள்: பாசத்தில் அவன் விடையை எடுத்துக்கொடுத்துவிடுவான், சோதனை பாழாகிவிடும். இன்னொன்று, ஐந்தாவது வரை படித்துவிட்டு வட்டிக்கணக்கை மனத்திலேயே போட்டுப் பழகிய ஒருவரை, ஆங்கிலத்தில் கல்லூரி வரை படித்தவர்களின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால் இல்லாத நோய் இருப்பதாகத் தெரியும். எத்தனை வருடப் படிப்பு, எந்த மொழி, என்ன தொழில் என்பதை ஒரு தாளில் எழுதி முதலிலேயே கொடுங்கள்.

உளவியல் படித்துவிட்டு வருபவர்களுக்கு: ஆர்சிஐ எனும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவும் 2 வருட எம்.ஃபில்லும் இந்தியாவில் உங்களைக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக்குகின்றன. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் முனைவர் பட்டம் கேட்கும். அதற்கு மேல் இபிபிபி என்ற உரிமத் தேர்வு. 225 கேள்விகளில் 175க்குத்தான் மதிப்பெண், மற்றவை சோதனைக் கேள்விகள். சரியான விடைகளை ஒரு பொது அளவுகோலுக்கு மாற்றித்தான் மதிப்பெண் போடுவார்கள், அதில் தேர்ச்சிக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவு 500. உரிமம் வரும் முன் அட்டையில் ‘சைக்காலஜிஸ்ட்’ என்று அச்சடிப்பது சட்டமீறல், ஊரில் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும்.

விண்ணப்பங்கள் படிப்பினால் மட்டுமல்ல, பெயரினாலும் நின்றுபோகும். நம் பக்கத்து முன்னெழுத்துகள்தான் காரணம். பள்ளிச் சான்றிதழில் ‘பழ.’, பட்டத்தில் அது ‘பிஎல்.’, பாஸ்போர்ட்டில் அப்பச்சி (அப்பா) பெயர் முழுதாக விரிந்து குடும்பப்பெயர் இடத்தில் நிற்கும். லெட்சுமணன் ஓரிடத்தில் லட்சுமணன் ஆகியிருப்பார். வெளிநாட்டில் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் மதிப்பீட்டாளர் இவர்களை மூன்று பேராகத்தான் எடுத்துக்கொள்வார். கிளம்புமுன் நோட்டரியிடம் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கிவிடுங்கள்.

பாடத்திட்டம் மணிக்கணக்கோடு, பல்கலைக்கழக முத்திரையோடு வேண்டும். மேற்பார்வையில் செய்த பயிற்சி நேரங்களுக்கு மேற்பார்வையாளரின் கையெழுத்து வேண்டும். அவர் ஓய்வுபெற்றுவிட்டால் பிறகு வாங்குவது பெரும்பாடு. பல மதிப்பீட்டு அமைப்புகள் மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக, ஒட்டிய உறையில் வர வேண்டும் என்று சொல்லும். நீங்கள் அனுப்பும் நகல் செல்லாது. உறையை வீட்டில் யாராவது பிரித்துப் பார்த்தாலும் செல்லாது. ஊரில் இருக்கும் ஒருவருக்கு, அப்பச்சியோ சித்தப்பாவோ, உங்கள் சார்பில் விண்ணப்பிக்க அதிகாரக் கடிதம் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.