உப்புவெளி விடுதியின் தளத்தை மீட்டது எப்படி

மே மாதம், திருகோணமலைக்குப் பயணிகள் வரும் பருவம். உப்புவெளியில் அண்ணா நடத்தும் விடுதியின் இணையத்தளத்தைத் திறந்தால் சூதாட்டப் பக்கம் வந்தது. வயிறு எரிந்தது.

தளம் வேர்ட்பிரஸ் என்ற இணையத்தள மென்பொருளில் இயங்குகிறது. அதில் படங்களை ஏற்றிவைக்கும் அப்லோட்ஸ் கோப்புறையில், படங்களுக்கு நடுவே ஒரு பிஎச்பி கோப்பு, அதாவது சேர்வரில் இயங்கக்கூடிய நிரல், கிடந்தது. பழைய படிவச் செருகுநிரல் (தளத்தில் படிவம் சேர்க்கும் துணை மென்பொருள்) ஒன்று, கோப்பின் வகையைச் சோதிக்காமல் அதை உள்ளே விட்டிருக்கிறது. அந்தச் செருகுநிரலை நாங்கள் எப்போதோ முடக்கிவிட்டோம்! ஆனால் அழிக்கவில்லை. கோப்புகள் சேர்வரில் இருக்கும்வரை நேரடி முகவரியில் அவற்றை இயக்க முடியும் என்பது அன்றுதான் உறைத்தது.

அந்தச் செருகுநிரலையும் பிஎச்பி கோப்பையும் அழித்தேன். வேர்ட்பிரஸ் கோப்புகளைப் புதிதாக ஏற்றினேன். முகம் தெரியாத நிர்வாகிக் கணக்கு ஒன்றும் இருந்தது, நீக்கினேன். தரவுத்தளக் கடவுச்சொல்லையும், உள்நுழைவைக் காக்கும் இரகசியச் சாவிகளையும் மாற்றியதும் உள்நுழைந்திருந்த எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். அப்லோட்ஸில் பிஎச்பி இயங்காதபடி தடுத்தேன்.

இரண்டாம் நாள் இரவு அண்ணா கைப்பேசியில் திறந்தார். கடற்கரைப் படம் வந்தது.