பத்தை அளந்து பத்தாயிரத்தைச் சொல்வது: சராசரியை மதிப்பிடும் முறை

பத்தாயிரம் போல்ட்டுகள் வந்திருக்கின்றன, சராசரி நீளம் தெரிய வேண்டும். அத்தனையையும் அளக்க முடியாது, பத்தை அளக்கலாம். எந்தப் பத்து என்பதில்தான் பாதி வேலை. மேல் பெட்டியில் கைக்கு வந்ததை எடுத்தால், எல்லாம் ஒரே இயந்திரத்தில் அடுத்தடுத்துச் செய்தவையாக இருக்கலாம். பெட்டிகளுக்கும் உள்ளிருக்கும் இடங்களுக்கும் எண் கொடுத்து, சமவாய்ப்பு எண்களைக் கொண்டு தேர்ந்தெடுங்கள்.

அளவுகள் மில்லிமீட்டரில்: 50.2, 49.8, 50.5, 50.1, 49.6, 50.3, 50.0, 49.9, 50.4, 50.2. கூட்டினால் 501.0, சராசரி 50.10. இதுவே புள்ளி மதிப்பீடு. ஆனால் வேறு பத்தை எடுத்திருந்தால் வேறு எண் வந்திருக்கும். எவ்வளவு மாறியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லாத மதிப்பீடு அரைகுறை.

ஒவ்வொரு அளவிலிருந்தும் 50.10-ஐக் கழித்து, வர்க்கமாக்கிக் கூட்டுங்கள்: 0.70. இதை 10-ஆல் அல்ல, 9-ஆல் வகுக்க வேண்டும். கூறின் (அளக்க எடுத்த பத்தின்) சராசரி அந்தப் பத்து அளவுகளிலிருந்தே பிறந்தது. அதனால் விலக்கங்கள் உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும், ஒன்றைக் குறைத்து வகுப்பது அதைச் சரிக்கட்டும். 0.70 ÷ 9 = 0.0778, அதன் வர்க்கமூலம் 0.279. இது திட்ட விலக்கம். இதை √10-ஆல் வகுத்தால் திட்டப் பிழை, 0.088.

இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். திட்ட விலக்கம் ஒரு போல்ட்டுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்கிறது; திட்டப் பிழை சராசரி எவ்வளவு ஆடும் என்பதை.

95% நம்பிக்கை இடைவெளிக்கு, அதாவது உண்மையான சராசரி இருக்கக்கூடிய வரம்புக்கு, எல்லோரும் திட்டப் பிழையைப் பெரிய கூறுகளுக்கான 1.96-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். பத்து அளவுகளுக்கு அது போதாது; திட்ட விலக்கமே மதிப்பீடுதானே. சிறிய கூறுகளுக்கான பெருக்கு எண்களைத் தரும் டி அட்டவணையில் 9 (பத்தில் ஒன்று குறைவு) என்ற வரியில் 2.262 இருக்கும். 0.088 × 2.262 ≈ 0.20. ஆக, 49.90 முதல் 50.30 வரை. பெரும்பாலான போல்ட்டுகள் இதற்குள் இருக்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. நம் பத்திலேயே 49.6, 49.8, 50.4, 50.5 வெளியே நிற்கின்றன! இதே முறையில் மீண்டும் மீண்டும் கூறெடுத்தால், கிடைக்கும் இடைவெளிகளில் சுமார் 95% உண்மையான சராசரியை உள்ளடக்கும், அவ்வளவுதான். நீளங்கள் ஓரளவு இயல்நிலைப் பரவலில் (நடுவில் அதிகமாகவும் இருபுறமும் குறைந்துகொண்டே போவதாகவும்) இருக்கின்றன என்ற அனுமானமும் இதற்குள் இருக்கிறது. பத்தில் ஒன்று மட்டும் தனியே விலகி நின்றால் முதலில் அளந்ததையும் எழுதியதையும் சரிபாருங்கள்.

விகிதம் என்றால் கணக்கு எளிது. 400 பேரில் 120 பேர் 'ஆம்' என்றால் 0.30, திட்டப் பிழை √(0.3 × 0.7 ÷ 400) = 0.023, 1.96-ஆல் பெருக்கினால் 4.5 சதவீதப் புள்ளிகள். அதைப் பாதியாக்க 800 பேர் போதாது, 1600 பேர் வேண்டும். ஒருவர்கூட 'ஆம்' சொல்லாவிட்டால் இந்தச் சூத்திரம் பிழையைப் பூஜ்யம் என்று காட்டும், நம்பாதீர்கள். 3-ஐக் கூறின் அளவால் வகுத்து, அதை மேல் எல்லையாகக் கொள்ளலாம்.

இந்தப் பிழைக் கணக்கு எல்லாம் தற்செயலுக்கு மட்டுமே பொறுப்பு. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் அஞ்சலில் நடத்திய கருத்துக்கணிப்பில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சீட்டுகள் திரும்பி வந்தன. திட்டப் பிழை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வேட்பாளர்களில் லாண்டன் வெல்வார் என்றது இதழ், வென்றவர் ரூஸ்வெல்ட். தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து பெயர்களை எடுத்ததும், சீட்டைத் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்கள் மட்டுமே கணக்கில் வந்ததும்தான் காரணம்.